பச்சை காயற வரைக்கும்

பெல்ட்டைக் கழட்டி அந்த ஜன்னல் மேல வெச்சிருங்க தம்பி. வாட்ச்சையும். மோதிரம் போட்டிருக்கீங்களா? அதையும் கழட்டிருங்க, இங்க ஒண்ணும் காணாமப் போகாது. சட்டைப் பையில டெஸ்டர், சாவி எதாச்சும் இருந்தா எடுத்திருங்க. கோவிச்சுக்காதீங்க. வயரிங் வேலைக்குக் கூப்புட்டுட்டு இந்த ஆளு என்ன நம்மளை ஜெயிலுக்குள்ள அனுப்பற மாதிரி சோதிக்கறான்னு நெனைப்பீங்க. நெனைச்சுக்குங்க. இந்தக் காருக்கிட்ட வந்த அத்தனை பேருகிட்டயும் இதைத்தான் சொன்னேன். அத்தனை பேரும் கோவிச்சுக்கிட்டுத்தான் போனாங்க. நீங்க பாவம் உடுமலையில இருந்து பஸ் புடிச்சு பொள்ளாச்சி வந்திருக்கீங்க. நீங்களும் போயிட்டா இனி யாரைப் போய் நான் கேக்கறது, சொல்லுங்க.

உக்காருங்க. நாற்காலியை இழுக்காதீங்க, அது எங்க கிடக்குதோ அங்கயே உக்காருங்க. கயித்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்குது, பரவாயில்லை. கலாமணி காப்பி கொண்டாருவா. எம்பட வீட்டுக்காரி. அவ என்கூடப் பேசி நாளாச்சு, ஆனா காப்பியெல்லாம் கரெக்டா வந்துரும். அதுக்குள்ள விசயத்தைச் சொல்லிப்போடறேன். அப்பத்தான் கை எங்க படலாம், எங்க படக்கூடாதுன்னு உங்களுக்கும் பிடிபடும்.

இது எங்கப்பா வண்டிங்க. ஆறுச்சாமின்னு சொன்னா பழைய தேங்காய் யாவாரிங்க எல்லாருக்கும் தெரியும். டிரைவரே வெச்சுக்கலை அவரு. இந்த அம்பாசிடரைத் தானே ஓட்டிக்கிட்டு பாலக்காடு, திருச்சூருன்னு சுத்தினவரு. யாவாரத்தை விட்டதுக்கப்புறம் வண்டி கொட்டகையில தேங்காய் மட்டைக்கு நடுவால கிடந்துச்சு. எலி உள்ள போயி சீட்டைத் தின்னுச்சு, வயரைத் தின்னுச்சு. நான் மில்லு ஆபீஸ், வீடு, ஆபீஸ், வீடுன்னு இருந்துட்டேன். போன வருசம் அப்பா பாத்ரூம்ல விழுந்து இடுப்பெலும்பு போச்சு. ஆபரேசன் பண்ணி, ஒரு வழியா எந்திரிச்சு, வாக்கரைப் புடிச்சு நடக்க ஆரம்பிச்சாரு. கைதான் நடுக்கம் நிக்கலை. ஒரு நாள் சோறு தின்னுக்கிட்டே கேட்டாரு, "ஏண்டா நாச்சிமுத்து, அந்த வண்டி இருக்குதா?"

இருக்குதுன்னேன்.

"ஒருக்கா அதுல உக்காந்துக்கறேன்டா" அப்படின்னாரு.

அவ்வளவுதானுங்க. பெத்தவரு வாயைத் திறந்து ஒண்ணு கேட்டுட்டாரு, செய்யாம இருக்க முடியுமா? எலி தின்ன சீட்டுல அவரை உக்கார வெக்க எனக்கு மனசு வரலை. வண்டியைப் புதுசாட்டமே பண்ணி, முன்னால அவரை உக்கார வெச்சு, ஆனைமலை வரைக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வந்துரணும். அதைத்தான் நெனைச்சேன். வேற என்னத்தை நெனைச்சேன் நானு?

பெயின்ட் அடிக்கற அந்தோணி மொதல்லயே சொன்னானுங்க. "ஐயா, என்ஜினை ஏத்துங்க, வயரிங்கை முடிங்க, கண்ணாடி, குசன் எல்லாம் போட்டுட்டுக் கடைசியாக் கூப்புடுங்க, நான் வந்து அடிச்சுத் தர்றேன்." நாயமான பேச்சுதான். ஆனா ஆடி வந்து எதுத்தாப்புல நிக்குதுங்களே. ஆடியில நல்ல காரியம் தொடங்க முடியுமா? அதுக்கு முன்னாலயே தொடங்கிட்டா, பாக்கி வேலையை ஆடியில தொடரலாம், தப்பில்லை. வேலை தொடங்கியாச்சுன்னு எதை வெச்சுச் சொல்றது? கண்ணுக்குத் தெரியணும். பெயின்ட் அடிச்சாத்தானே தெரியும். ஜோசியரும் அதையேதான் சொன்னாரு. ஆனி கடைசியில ஒரு முகூர்த்தம் பாத்து, வெறும் கூட்டுக்கு, உள்ள ஒண்ணுமில்லாத வெறும் கூட்டுக்கு, இந்தப் பச்சையை அடிச்சு முடிச்சோம்.

கதவுக்கு உள்பக்கம் பழைய பச்சை கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. அதையே பாத்து, அதே எனாமல்லயே அடிக்கச் சொன்னேன். நிறம் பாத்தீங்களா? மழை பேஞ்சு ஓஞ்ச மறுநாள் பாக்குத்தோப்பு இருக்குமே, அந்தப் பச்சை. அப்பா வாசல்படியில வாக்கரைப் புடிச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. எனக்கு அன்னிக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு தம்பி.

அந்தோணி போறப்ப ஒண்ணு சொன்னான். "ஐயா, இந்த எனாமல் சீக்கிரம் காயாதுங்க. தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள பச்சையாத்தான் இருக்கும். பிளாஸ்டிக் போட்டு மூடிறாதீங்க, வேர்த்துக்கும். தண்ணி வேண்டாம், பாலீசு வேண்டாம், எவனையும் சாய விடாதீங்க. வெயில் நல்லா அடிச்சா சீக்கிரம் இறுகிரும்."

வெயிலுங்களா? ஆடியில பொள்ளாச்சியில வெயிலுக்கு எங்க போறது? பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வந்துச்சு பாருங்க, கூடவே சாரலும் தூசியும். மூடினா துணி உரசும், மூடாட்டி மண்ணு ஒட்டும். நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. போர்டிகோ வாய்க்குக் கலாமணி சேலை நாலைக் கட்டித் தொங்க விட்டேன். காருக்கு மேல அப்பாவோட பழைய வேட்டி, தொவச்சுத் தொவச்சுப் பஞ்சாட்டம் ஆனது, அதைப் போட்டேன், காத்து எடுத்தா நானே ஓடிப்போய் ஓரத்தைப் புடிச்சுக்குவேன். நாலு பக்கமும் ஸ்டூல் வெச்சு இந்தத் தேங்காய்நார்க் கயித்தைக் கட்டினேன். பால்காரன் சைக்கிளைச் சாத்தறதை நிறுத்தினேன். பூனை வந்து படுக்கும்னு உக்காந்து காவல் இருந்தேன். ஆடி வெள்ளிக்குக் கலாமணி சந்தனமும் குங்குமமும் கிண்ணத்துல எடுத்துட்டு வந்தா. "குங்குமத்துல சுண்ணாம்பு இருக்குது, பச்சைப் பெயின்ட்டுல கறை புடிச்சிரும், டயர்ல வெச்சுக்கோ"ன்னேன். "பொட்டு வெக்காத வண்டி எங்கயாச்சும் உண்டுங்களா"ன்னு கேட்டா. நான் அசையலை. குனிஞ்சு நாலு டயர்லயும் வெச்சுட்டு எந்திரிச்சுப் போனா. அன்னிக்கு நின்ன பேச்சுதான்.

அப்பாவுக்கு மட்டும் என்ன குறை வெச்சேன்? தினமும் சாயங்காலம் வாக்கரைத் தள்ளிக்கிட்டு வந்திருவாரு. "உள்ள உக்காரட்டுமா?"ன்னு கேப்பாரு. குழந்தையாட்டமே கேப்பாரு. "இருங்கப்பா, வாக்கர் அலுமினியம், கதவு விளிம்புல பட்டா செதில் பேந்துரும், பச்சை காயட்டும்"னு சொல்வேன். நின்னா கால் கடுக்குமேன்னு நான்தான் ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டேன். இதோ, நீங்க உக்காந்திருக்கறதுதான். கயித்துக்கு வெளிய, டிரைவர் கதவுக்கு நேரா, அவரு எந்திரிச்சு நின்னாலும் வாக்கர் ஸ்டூல்ல இடிக்கும், கிட்டப் போக முடியாது. நானே நின்னு பாத்து, நகர்த்தி நகர்த்திப் போட்டேன்.

இன்னொண்ணும் பண்ணேன். ஸ்டீரிங்கு தனியாக் கழட்டி வெச்சிருந்துச்சு. அதைத் தொடச்சு அவரு மடியில குடுத்தேன். எவன் தம்பி பண்ணுவான் இந்தக் காலத்துல? வலது கையில அதைப் புடிச்சுக்கிட்டு, இப்படித் திருப்புவாரு, அப்படித் திருப்புவாரு. நடுக்கத்துல அது தானாவே ஆடும். நடுவால இருக்கற ஆரனை அமுக்குவாரு, சத்தம் எங்க வரும், வயரே இல்லையே. "வயரிங் ஆள் வந்ததும் சத்தம் வரும்ப்பா"ன்னு சொல்லுவேன். வயரிங் ஆள்னா நீங்கதான். அப்பயே உங்களைக் கூப்புட்டிருக்கணும்.

ஆனா என்ஜின் ஏறாம வயரிங்கு எப்படிங்க பண்றது? என்ஜினுக்குக் கந்தவேலுன்னு ஒரு மெக்கானிக்கைப் புடிச்சேன். நல்ல வேலைக்காரன். செயின் பிளாக்கைக் கட்டி என்ஜினைத் தூக்கி எறக்கறப்ப வண்டி முன்பக்கத்து மேல சாஞ்சுதான் ஆகணும்னான். ரெண்டு பக்கமும் பஞ்சு வெச்ச ரஜாயைப் போட்டேன். பெல்ட்டைக் கழட்டச் சொன்னேன், கழட்டினான். கையில காப்பு, அதையும் கழட்டினான். சட்டை தூக்கினப்ப இடுப்புல வெள்ளி அரைஞாண் மின்னுச்சு. "அதையும் கொஞ்சம் கழட்டிருங்க"ன்னேன். அவன் சிரிச்சான். நான் சிரிக்கலைன்னதும் அவன் மூஞ்சி மாறிப் போச்சு. "ஏனுங்க, அரைஞாணை எப்பக் கழட்டுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? செத்தாத்தானுங்க கழட்டுவாங்க"ன்னான். துண்டை இறுக்கிக் கட்டிக்கறேன்னு சொன்னான். சரி, அதுவரைக்கும் ஒத்துக்கிட்டேன். என்ஜினை மறுநாள் ஏத்திக்கலாம்னு அன்னிக்குச் செயினை மட்டும் கட்டிட்டுப் போனான்.

அன்னிக்குச் சாயங்காலம்தான் தம்பி நான் இதைப் பாத்தேன். டிரைவர் கதவுல, கைப்பிடிக்குக் கீழ. குனிஞ்சு பாருங்க, தொடாம பாருங்க. நாலு விரலு. பச்சை உள்ளுக்குள்ள காயலைன்னு அந்தோணி சொன்னான் பாருங்க, அந்தப் பச்சையில நாலு விரல் பதிஞ்சு, கீழ வரைக்கும் இழுத்திருக்குது. அதுவும் நேரா இல்லை, புழு ஊர்ந்த மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு. மறுநாள் கந்தவேலு வந்ததும் வாசல்லயே நிறுத்திக் கேட்டேன். "குடிச்சுட்டுத்தானே வேலைக்கு வந்தே? கை நடுங்கினது இங்க தெரியுதே"ன்னேன். "நான் முன்னாலதான் நின்னேன், இந்தப் பக்கமே வரலைங்க"ன்னான். "நீ வராம வேற யாரு வந்தா?"ன்னு கத்தினேன். தெருவே எட்டிப் பாத்துச்சு. அப்பாகூட இந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. "விடுடா நாச்சிமுத்து, அவன் இல்லை"ன்னு என்னமோ சொல்ல வந்தாரு. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, நீங்க சும்மா இருங்க"ன்னுட்டேன். கந்தவேலு செயினைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். என்ஜின் இன்னும் கொட்டகையிலதான் கிடக்குது. இனி அவன் மாதிரி ஒருத்தனை எங்க தேடறது?

அதுக்கப்புறம் கண்ணாடிக்காரன் வந்தான். நான் நகம் வெட்டிட்டு வரச் சொன்னேன். போனவன் போனவன்தான். எல்லாரும் என்னைப் பைத்தியம்னு பேசறாங்க, எனக்கும் காதுல விழுகுது. தம்பி, அவங்க போட்டு முடிச்சுட்டுப் போயிருவாங்க. கோடு விழுந்தா யாருக்கு? பெயின்ட்டைக் காப்பாத்தினா வேலை நடக்க மாட்டேங்குது, வேலை நடந்தா பெயின்ட் நிக்க மாட்டேங்குது. இதுக்கு நடுவால ஒரு மனுசன் என்னதான் பண்ணுவான்? அப்பா ஸ்டீரிங்கைக் கேக்கறதையும் நிறுத்திட்டாரு. சாயங்காலம் வந்து உக்காருவாரு, கையை மடியில வெச்சுக்குவாரு, இருட்டினதும் எந்திரிச்சுப் போவாரு. வெளிய கூட்டிட்டுப் போனா நல்லா ஆயிருவாருன்னு நெனைச்சேன்.

ஆவணி பொறந்த வாரம் குசன் போட ஆள் வர்றதா இருந்துச்சு. அந்த ஆள் வர்றதுக்குள்ள அப்பா போயிட்டாரு. காலையில காப்பி குடுக்கப் போன கலாமணி கூப்புட்டா. "ஏனுங்க"ன்னு கூப்புட்டா. அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் நடந்ததைத்தான் எந்தங்கச்சி மரகதம் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறா. அவ சொல்றதையும் கேட்டுக்குங்க, நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. ஐஸ்பெட்டி வந்துச்சு. வெக்கறதுக்குப் போர்டிகோதான் எடம், மறுக்கலை. ஆனா வண்டி நிக்குதே. என்ஜின் இல்லை, எடுக்க முடியாது. தள்ளலாம்னாங்க. பத்துப் பேரு வந்தாங்க, சொந்தக்காரங்கதான், மோதிரமும் காப்புமா, பூமாலையைத் தொட்டு ஈரம் சொட்டற கையோட. பத்துப் பேரும் கையை ஓங்கிட்டு வர்றாங்க தம்பி, பானெட்டு மேல வெச்சுத் தள்ள. நான் குறுக்க போயி நின்னுக்கிட்டேன். "யாரும் தொடாதீங்க"ன்னேன். வேற என்னத்தைச் சொல்றது? ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்டாங்க. வீட்டுக்குப் பக்கவாட்டுல துணி தொவைக்கற கல்லு இருக்குது, அங்க நெழல் உண்டு, காத்தும் அவ்வளவா இல்லை. அங்க வெச்சோம். மரகதம் ஓடி வந்தவ, பெட்டியைப் பாத்தா, காரைப் பாத்தா, என்னைப் பாத்தா. "அப்பாவைத் தொவைக்கற கல்லுக்கிட்டயா அண்ணா வெச்சிருக்கறே?" அவ்வளவுதான் கேட்டா. நெழல் இருக்குதும்மான்னு நான் சொல்லறதுக்குள்ள திரும்பிக்கிட்டா. எடுத்ததும் போயிட்டா, கருமாதிக்குக்கூட நிக்கலை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லைன்னு சொன்னாங்க, அதனாலதான் இருக்கும்.

குளிப்பாட்டறப்ப அரைஞாணை அறுத்து எங்கையில குடுத்தாங்க. கந்தவேலு சொன்னது ஞாபகம் வந்துச்சு. மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டேன்.

பாடையைத் தெருவுக்குக் கொண்டு போகணும்னா வேற வழி இல்லைங்க, அந்தத் தொவைக்கற கல்லுச் சந்துல இருந்து இங்க வந்து, காருக்கும் காம்பவுண்டுச் செவுத்துக்கும் நடுவாலதான் போகணும். இந்த எடம்தான், பாருங்க எவ்வளவுன்னு. மூங்கில் ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்குது. நான் ஒரே பையன், கொள்ளிச்சட்டியைப் புடிச்சுக்கிட்டு முன்னால நடக்கணும். எனக்கு ஆகலை. சட்டியை மரகதத்தோட மாப்பிள்ளை கையில குடுத்துட்டு, ரஜாயை எடுத்துக் காருக்கு அணைவாப் புடிச்சுக்கிட்டு, பாடைகூடவே பின்னுக்கு நடந்தேன். "மெதுவா, மெதுவா, பாத்து, பட்டுறாம"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். பாத்துட்டு இருந்தவங்கெல்லாம் தேம்பித் தேம்பி அழுதாங்க. "பெத்தவருக்கு வலிக்குமேன்னு பாக்கறான் பாரு, இப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பான்"னு ஒரு பெரியம்மா சொன்னாங்க. நானும் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை.

ஒரு கோடு விழுகலை தம்பி. இந்தப் பக்கம் முழுக்க வந்து பாருங்க, ஒரு மயிரிழை காட்டுங்க பாக்கலாம். இன்னிக்கு நல்லா இறுகிப்போச்சு, தட்டினா கண்ணாடியாட்டம் கேக்கும். குறைன்னு இருக்கறது அந்த நாலு விரலு ஒண்ணுதான். அந்தோணி நாளைக்கு வர்றான், தேச்சு எடுத்துட்டு அந்த எடத்துல மட்டும் ஒரு கை அடிச்சுத் தர்றேன்னான். அதுவும் போயிட்டா அப்புறம் வண்டியில கை வெச்ச அடையாளமே இருக்காது. நீங்க வயரிங்கை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா அந்த ஆரனையாச்சும் ஒருக்கா அடிச்சுப் பாக்கலாம்.

இந்தா, காப்பி வந்துருச்சு. வாங்கிக்குங்க. டம்ளரை ஸ்டூல் மேல வெச்சுக்குங்க.

என்னங்க, அந்த விரல் தடத்துக்குக் கையை நீட்டறீங்க? அங்கிருந்து எட்டாது. எந்திரிச்சுத்தான் வரணும், எந்திரிச்சா ஸ்டூலு இடிக்கும்.

எட்டுதுங்களா?

இருங்க. உக்காந்துட்டேதானே முன்னால சாஞ்சீங்க? எந்திரிக்கலையே? அப்படியே இருங்க தம்பி, அசையாதீங்க. உங்க விரலு அதுக்குள்ளயே போயி உக்காருது. இடது கை. அப்பாவுக்கு வலது கையிலதான் ஸ்டீரிங்கு இருக்குமே. அவரு எந்திரிச்சு நின்னா என்ன ஆகும்னுதான் கணக்குப் போட்டேன். உக்காந்து சாஞ்சா என்ன ஆகும்னு நான் பாக்கவே இல்லை.

கலாமணி, உள்ள போகாத, நில்லு. இங்க பாரு. இது... நீ ஏன் தலையைக் குனியறே? உனக்குத் தெரியுமா?

எப்பருந்து தெரியும்?

சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கலாமணி.

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்றான்னு. சொல்லியிருந்தா அப்பாவையும் தெருவுல நிக்க வெச்சுக் கத்தியிருப்பீங்கன்னு சொல்றா. அவருதான் சொல்ல வேண்டாம்னு அவ கையைப் புடிச்சுக்கிட்டாராமா. கந்தவேலுவை நான் திட்டினதுக்கு அன்னிக்குச் சாயங்காலம் சோறு தின்னலையாமா. எனக்கு அதுவும் தெரியாது. நான் இங்க காவல் இருந்தேன்.

கலாமணி, அந்தோணிக்கு ஒரு போன் போடு. நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லு. ஏன்னு கேட்டா ஒண்ணும் சொல்லாத. வர வேண்டாம்னு மட்டும் சொல்லு.

தம்பி, நீங்க கையை எடுத்துருங்க. மெதுவா. பெயின்ட்டுக்காகச் சொல்லலைங்க.